வவுனியாவுக்கு மேலே கறுப்புத் திரை

“என்ன சேர், கொஞ்ச நாளா ஆளைக் காணேல்லை… பேப்பரிலயும் காணேல்லை?”

வெள்ளவத்தைச் சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த என்னைப் பிடித்து ஒரு வாசகர் கேட்டார். பத்தி வராதது அவருக்குக் கவலையா, நிம்மதியா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

“மெல்போர்ன் போயிருந்தனான். மகளின்ர கலியாணம்.”

“அட, நல்ல விசயம்! மிஸிஸும் வந்தவவோ?”

பாருங்கள்… கலியாணம் எப்படி, மாப்பிள்ளைக்கு என்ன வேலை, அங்கே குளிரா… ஒன்றும் கேட்கவில்லை. நேரே அந்தக் கேள்விக்கு வந்துவிட்டார். ஏனென்றால் என் மனைவி மஞ்சுளா விமானத்தில் ஏறமாட்டாள் என்பது எங்கள் லேன் வாசலில் இளநீர் விற்பவர் வரைக்கும் தெரிந்த சங்கதி.

அவருக்கு ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக நான் ஒரு கொம்பியூட்டரைக் கழற்றிப் பூட்டியிருக்கிறேன் — அதுவும் இரண்டு தரம். அதைச் சொல்லாமல் விட மனம் வருமா?

மஞ்சு ஒரேயொரு முறை பறந்திருக்கிறாள். கலியாணத்துக்கு முன்னர், தன் சித்தியோடு, கொழும்பு இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு, ஒரு சின்ன விமானத்தில். வழியில் அது விழுந்து எழும்பி, விழுந்து எழும்பி… சித்தி காலையில் சாப்பிட்டதையெல்லாம் மஞ்சுவின் மடியிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்போது கண்ணை மூடியவள், இறங்கி வெளியே வந்த பிறகுதான் திறந்தாளாம். அதற்குப் பிறகு யாழ்ப்பாணம் என்றால் பஸ், இல்லாவிட்டால் ரயில். எங்கள் வெள்ளி விழாவுக்கு சிங்கப்பூர் போகலாம் என்றேன். நுவரெலியாவுக்குப் போய்க் குளிரில் நடுங்கிவிட்டு வந்தோம்.

இப்படியே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் எங்கள் ஒரே மகள் ஆரணி மெல்போர்னில் கலியாணம் பேசி முடித்துவிட்டாள். அதை இங்கே வைக்கலாமே என்று கேட்க வழியில்லை. மாப்பிள்ளையின் தாயாருக்குச் சுகமில்லை, பயணம் செய்யக்கூடாது. ஆகவே நாங்கள்தான் போகவேண்டும்.

மஞ்சு ஃபோனில் “ஓம் பிள்ளை, கட்டாயம் வருவம்” என்று சிரித்துக்கொண்டு சொன்னாள். ஃபோனை வைத்துவிட்டுக் கதிரையில் அப்படியே இருந்துவிட்டாள்.

“நான் எப்பிடிப் போவன்?” என்றாள், என்னைப் பார்க்காமலே.

மருந்து சொன்னது ஆரணிதான். அவள் இங்கே படிக்கும் காலத்தில் துண்டு துண்டாகச் சாமான் வாங்கித் தானே பூட்டிய கொம்பியூட்டர் ஒன்று அவளுடைய அறைக்குள் இருந்தது. அதில் விமானம் ஓட்டிப் பழகுகிற சிமியுலேட்டர் ஒன்றை மெல்போர்னில் இருந்தபடியே போட்டுக்கொடுத்தாள்.

“அம்மா, நீங்களே ஓட்டிப் பாருங்கோ. அது எப்பிடிப் பறக்குது எண்டு விளங்கினால் பயம் போயிடும்.”

நான் சிரித்தேன். காலி வீதியைக் கடப்பதற்கே என் கையைப் பிடிக்கிறவள் விமானம் ஓட்டுவதாவது!

இந்த இடத்தில் ஒரு விசயம் சொல்லவேண்டும். அந்தக் கொம்பியூட்டரை வெளியில் எடுக்கவே எங்களுக்குப் பெரும்பாடாகிவிட்டது. முதலில் ஒரு பெட்ஷீட், அதற்குள் ஒரு பொலித்தீன், அதற்குள் இன்னொரு பொலித்தீன். எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் அம்மணமாக இருக்காது. ரிமோட்டுக்குச் சட்டை உண்டு. ஃபிரிட்ஜ் கதவில் கடைக்காரன் ஒட்டிய பொலித்தீன் ஓரம் சுருண்டு மஞ்சளாகிவிட்டது, இன்னும் உரிக்கவில்லை. டீவி மூலையில் ஒட்டுத்தாள் அப்படியே. கேட்டால், “கடற்காத்துக்கு எல்லாம் கறள் கட்டிப்போகும்” என்பாள், துருப் பிடித்துவிடுமாம். இதைப் பகிடி பண்ணி இதே பத்தியில் எழுதி, வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

சரி, கதைக்கு வருவோம். மஞ்சு ஓட்டப் பழகிவிட்டாள்! பின்னேரம் சாமி விளக்கை ஏற்றிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆரணியின் பழைய கேம் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தாளென்றால் அவள் கப்டன். தேத்தண்ணி கேட்டால் கிடைக்காது. உலகத்தில் எத்தனையோ விமான நிலையங்கள் அதற்குள் இருக்கின்றன. அவள் தெரிந்தெடுத்தது ஒரே வழிதான். இரத்மலானையில் ஏறி, பலாலியில் இறங்குவது.

“அதே வழியாலதான் போவன். அந்த இடத்தில இறங்கினால்தான் எனக்கு மனம் ஆறும்.”

எங்கள் ஃபிளாட் கடற்கரைப் பக்கம். ரயில் போகும்போது மேசை ஆடும், ஜன்னல் கண்ணாடிகள் கிலுகிலுக்கும். மஞ்சு பறந்துகொண்டிருக்கும் நேரம் பார்த்துப் பாணந்துறைப் பக்கம் போகிற ரயில் வரும்.

“ஐயோ, ஆடுது! இஞ்ச ஓடிவாங்கோ, ஆடுது!”

“ரெயில் போகுது மஞ்சு. ரெயில்.”

“உண்மையாவோ?”

“உம்மட விமானத்துக்கு ஒண்டுமில்லை. ரெயில்தான் போகுது.”

இது தினமும் நடக்கும். அதுகூடப் பரவாயில்லை. பெரிய பிரச்சினை வேறு. நீர்கொழும்பு தாண்டும், புத்தளம் தாண்டும், அநுராதபுரத்துக் குளமெல்லாம் கீழே மினுங்கும். கொம்பியூட்டருக்குள்ளே ஃபேன்கள் மிக்சியில் சம்பல் அரைக்கிற மாதிரிக் கத்தத் தொடங்கும். சரியாக வவுனியாவுக்குக் கிட்ட… படார்! திரை கறுப்பு. விமானமும் இல்லை, ஆகாயமும் இல்லை.

“என்ன, வவுனியாவில மறிச்சுப்போட்டாங்களோ?” என்று நான் ஹோலில் இருந்து குரல் கொடுப்பேன். என் வயதுக்காரருக்கு இந்தப் பகிடி விளங்கும். சண்டைக் காலத்தில், பையைத் திறந்து வைத்துக்கொண்டு, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வவுனியாச் சோதனைச் சாவடியில் எத்தனை மணித்தியாலம் நின்றிருப்போம்!

மஞ்சு சிரிக்கவில்லை.

“இத்தினை தரம் ஏறிட்டன். ஒருக்காக்கூட இறங்கேல்லை” என்றாள். “இஞ்ச ஒருக்கால் இறங்காமல் அங்க நான் ஏறமாட்டன். சொல்லிப்போட்டன்.”

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். இல்லை. டிக்கெட் எடுத்தாயிற்று, விசா வந்தாயிற்று, எல்லாம் இப்போது ஒரு பழைய கொம்பியூட்டரின் கையில் நிற்கிறது.

ஆரணி அங்கிருந்தபடியே உள்ளே புகுந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். “அப்பா, கிராஃபிக்ஸ் கார்ட்தான் பிரச்சினை. மெமரி நூற்றுப்பத்து டிகிரிக்குப் போகுது. பேட் எல்லாம் காய்ஞ்சு போச்சு.”

எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன். திரையில் வருகிற படத்தையெல்லாம் வரைகிறது ஒரு தடித்த கார்ட். அதற்குள்ளே மெமரி சிப்கள். வேலை செய்யும்போது அவை கொதிக்கும். மேலே சூட்டை வாங்கி வெளியே விடுவதற்கு ஒரு உலோகத் தட்டு. சிப்புக்கும் தட்டுக்கும் இடையில் மெத்தென்று ரப்பர் மாதிரித் துண்டுகள். அவைதான் தெர்மல் பேட். அவை காய்ந்தால் சூடு மேலே ஏறாது. தாங்க முடியாத கட்டத்தில் கார்ட் தானே கண்ணை மூடிவிடும் — மஞ்சு அன்றைக்கு மூடிய மாதிரி.

“கிராஃபிக்ஸைக் குறைச்சு விட்டால் ஓடும் அம்மா” என்றும் ஆரணி சொல்லிப் பார்த்தாள். குறைத்தோம். மஞ்சு ஒரு சுற்றுப் பறந்துவிட்டுக் கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள்.

“கடல் தார்ப்பாய் விரிச்ச மாதிரிக் கிடக்கு. உதுக்கு மேலால பறக்கிறதுக்கு ஆருக்குப் பயம்? உது கணக்கில்லை.”

பம்பலப்பிட்டியில் கொம்பியூட்டர் கடைகள் அடுக்கடுக்காக இருக்கும் கட்டிடத்துக்குப் போனேன். திருத்தக் கொடுத்தால் வரிசையில் நிற்கவேண்டும், நாங்கள் பறக்கிற திகதிக்குப் பிறகுதான் கிடைக்கும் என்றார்கள். சரி, நானே மாற்றுகிறேன். என்ன பெரிய வேலை?

“மல்லி, தெர்மல் பேட் தியெனவாத?” தம்பி, இருக்கிறதா என்று கடைப் பையனைச் சிங்களத்தில் கேட்டேன்.

“தியெனவா அங்கிள். மிலிமீட்டர் கீயத?”

இருக்கிறதாம், எத்தனை மில்லிமீட்டர் தடிப்பென்று கேட்கிறான். அதில் இத்தனை வகை இருக்கிறதென்று எனக்கு எங்கே தெரியும்? கடையில் நின்றே மெல்போர்னுக்கு அடித்தேன். ஆரணி ஏதோ மீட்டிங்கில் இருந்தவள், ரகசியக் குரலில் “ஒண்டரை, அப்பா, ஒண்டரை” என்றாள். அதை வாங்கிக்கொண்டு, சிப்பில் பூசுகிற பேஸ்ட் ஒரு சின்னக் குழாயும் வாங்கிக்கொண்டு, பெரிய எஞ்சினியர் நடை நடந்து வந்தேன்.

சனிக்கிழமை காலை. சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்து (நான் எழுதுகிற பேப்பர்தான், வேறெதற்கு உதவும்?) கார்டைக் கழற்றினேன். ஆரணி வீடியோவில் நின்று சொல்லச் சொல்ல ஸ்குரூவெல்லாம் கிண்ணத்தில் போட்டேன். தட்டைத் தூக்கினால்… பழைய பேட்கள் உளுத்துப்போன இரப்பர் மாதிரி உதிர்ந்தன. சுற்றிவர எண்ணெய்க் கசிவு. எல்லாவற்றையும் ஸ்பிரிட்டால் துடைத்து எடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஆரணியை யாரோ கூப்பிட, “அப்பா, மிச்சம் ஈஸி. அளவுக்கு வெட்டி ஒட்டுங்கோ, வாறன்” என்று போய்விட்டாள்.

வெட்டினேன். புதுப் பேட்டில் ஒரு பக்கம் நீல நிறத்தில் தடித்த பொலித்தீன். உரித்தேன். மறுபக்கத்திலும் ஒரு மெல்லிய தாள். வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். அதையும் உரிக்க நகத்தை வைத்தவன்… நின்றேன். யோசித்தேன். வெளியே கடல். கடற்காற்று. உப்பு. அந்தக் காற்று ஜன்னல் கம்பியையே தின்கிறதே, இந்தப் பஞ்சுத் துண்டை விட்டுவைக்குமா? இவ்வளவு தூரம் அலைந்து வாங்கியது. ஒரு பாதுகாப்பாக இருக்கட்டுமே.

உரிக்காமல் ஒட்டினேன். எல்லாத் துண்டையும்.

நீங்கள் இப்போது தலையில் அடிப்பது எனக்குக் கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

அன்று பின்னேரம் மஞ்சு குளித்து, திருநீறு பூசி, பிள்ளையாருக்கு ஒரு கற்பூரம் கொளுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், ஏதோ விமானத்தைச் செய்தவன் மாதிரி. இரத்மலானை. ஓடுபாதை. ஏறினாள். கடல் தெரிந்தது. அவ்வளவுதான்… நீர்கொழும்பு கூட வரவில்லை. கறுப்பு.

திரும்பப் போட்டோம். இந்த முறை இரத்மலானை ஓடுபாதையிலேயே கறுப்பு. சக்கரம் நிலத்தை விடவேயில்லை.

மஞ்சு எழும்பி எங்கள் அறைக்குள் போனாள். கொஞ்ச நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தேன். கட்டிலில் எங்கள் சூட்கேஸ் திறந்திருந்தது. கலியாணத்துக்கென்று எடுத்த அரக்குக் காஞ்சிபுரத்தை வெளியில் எடுத்து, மடித்து, அலுமாரிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

“நீங்கள் போங்கோ” என்றாள். “போய் நிண்டு செய்துபோட்டு வாங்கோ.”

“என்ன விசர்க்கதை மஞ்சு? ஒரு மெஷின் பழுதாப்போனதுக்கு…”

“மெஷின் இல்லை. எனக்குக் கால் வருகுதில்லை. நான் என்ன செய்ய?” அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டே அழுதாள். “பெத்த பிள்ளைக்குத் தாலி கட்டுறதை ஃபோனில பார்க்கிற தாய் நான். எனக்கு வெட்கமாயிருக்கு.”

எனக்கு எந்த நேரமும் ஏதாவது பகிடி வாய்க்கு வரும். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. பயமாக இருந்தது. மணவறையில் என் பக்கத்தில் ஆளில்லாமல் நான் நிற்பதை நினைத்தேன். பிள்ளை நிமிர்ந்து கூட்டத்துக்குள் தாயைத் தேடுவதை நினைத்தேன். இத்தனை வருசமும் இவளுடைய பயத்தை ஒரு பகிடியாகத்தான் நான் கையாண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஹோலுக்கு வந்து ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு ஆரணிக்கு அடித்தேன். வெப்பம் முன்னரைவிடக் கூடுகிறதைச் சொன்னேன். அவளால் நம்ப முடியவில்லை.

“புதுப் பேட் போட்டும் கூடுதோ? இருக்காதே… பேஸ்ட் பூசினீங்களோ?”

“ஓம்.”

“ஸ்குரூ எல்லாம் இறுக்கினீங்களோ?”

“ஓம், ஓம்.”

“அப்பா…” குரல் மாறியது. “பேட்டில ரெண்டு பக்கமும் பொலித்தீன் இருக்கும், அது சூட்டை வெளியால விடாது. ரெண்டையும் உரிச்சனீங்கள்தானே?”

நான் ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தேன்.

“அப்பா?”

“ஒரு பக்கம் உரிச்சன்.”

“மற்றப் பக்கம்?”

“கடற்காத்து, பிள்ளை…”

மெல்போர்ன் வாய் திறக்க முன்னர் ஒரு சத்தம். சத்தம் வந்தது எனக்குப் பின்னால் இருந்து. அறை வாசலில் மஞ்சு. முகம் வீங்கி, மூக்குச் சிவந்து… சிரிக்கிறாள்! வாயைப் பொத்திக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கதவு நிலையில் சாய்ந்து சிரிக்கிறாள்.

“என்ர ஃபிரிட்ஜைப் பற்றிப் பேப்பரில எழுதின மனுசன்!” என்றாள். மேலே சொல்ல முடியவில்லை, திரும்பவும் சிரிப்பு. “ஊர் முழுக்க வாசிக்க எழுதின மனுசன்! பிள்ளை, கேட்டியே, உன்ர அப்பா கார்டுக்குச் சட்டை போட்டு விட்டிருக்கிறார்!”

ஃபோனுக்குள்ளே மகளும் சிரிக்க, தாயும் சிரிக்க, நான் நடுவில் நின்றேன். வாழ்க்கையில் முதன்முறையாக, என்னைப் பகிடி பண்ணுகிறார்கள் என்று சந்தோசப்பட்டேன்.

அன்றிரவு சமைக்கவில்லை. கடையில் இடியப்பம் எடுத்தோம். மறுநாள் காலை திரும்பவும் மேசை, திரும்பவும் பேப்பர், திரும்பவும் ஸ்குரூக் கிண்ணம். நல்ல காலம், பேட் மிச்சம் இருந்தது. இந்த முறை நான் வெட்டினேன், உரித்தது மஞ்சு. என் நகம் வழுக்கியது. அவள் பொறுமையாக ஓரத்தைக் கிளப்பி, மெதுவாக இழுத்து, அந்த மெல்லிய தாளை ஒவ்வொன்றாக எடுத்தாள். கலியாணம் கட்டின நாளிலிருந்து இவள் ஒரு பொலித்தீனை உரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“வடிவா ஒட்டுங்கோ. நல்லா முட்டவேணும்” என்றாள். “இடையில ஒண்டும் இருக்கக்கூடாது.”

கொம்பியூட்டர் அறிவு எனக்கு வந்ததோ இல்லையோ, இதை மட்டும் யோசித்துப் பார்த்தேன். நாங்கள் எதையும் மூடி வைத்தால் காப்பாற்றுகிறோம் என்று நினைக்கிறோம். சாமானை மட்டுமா? கோபத்தை மூடுகிறோம், பயத்தை மூடுகிறோம், மேலே ஒரு சிரிப்பை ஒட்டி விடுகிறோம். உள்ளே இருக்கிற சூடு எந்த வழியால் போகும்? நான் பெரிய தத்துவம் பேச வரவில்லை. பேட் மாற்றினவன் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பின்னேரம். இரத்மலானை. ஏறினாள். நீர்கொழும்பு… புத்தளம்… குளங்கள். ஃபேன் சத்தம் எழும்பவில்லை. நான் மூலையில் ஓடுகிற வெப்ப எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். எண்பதைத் தாண்டவில்லை. வவுனியா வந்தது. நான் மஞ்சுவின் கதிரையைப் பிடித்துக்கொண்டேன். வவுனியா… போனது. எங்களை யாரும் மறிக்கவில்லை!

ஆனையிறவு உப்பளம் கீழே வெள்ளையாகத் தெரியும்போது, பாருங்கள், அந்த நேரம் பார்த்து ரயில். மேசை ஆடியது, கண்ணாடி கிலுகிலுத்தது. நான் வாயைத் திறக்க முன்னர், “ரெயில்தான்” என்றாள் மஞ்சு, திரையில் இருந்து கண்ணை எடுக்காமல்.

பலாலி தெரிந்தது. கண்ணை மூடுவாளோ என்று பார்த்தேன். அகலத் திறந்து வைத்திருந்தாள். ஒரு குத்து, ஒரு துள்ளல், இன்னொரு குத்து. விமானம் ஓடுபாதையை விட்டு வழுக்கிப் புல்லுக்குள் இறங்கி, ஒரு பக்கம் சரிந்து நின்றது.

“இறங்கிட்டன்!”

“நீர் புல்லுக்குள்ள எல்லோ நிக்கிறீர்?”

“எங்க நிண்டால் என்ன? இறங்கிட்டன்! நான் இறங்கிட்டன்!”

கன்ட்ரோலரைப் போட்டுவிட்டு எழும்பி, நேரே எங்கள் அறைக்குள் போனாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. காஞ்சிபுரம் சூட்கேஸுக்குத் திரும்பியது.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சூட்கேஸுக்குப் பொலித்தீன் சுற்றிக் கொடுக்கிற மெஷின் ஒன்று உண்டு. மஞ்சு அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் நேரே போய் வரிசையில் நின்று சுற்றிக்கொண்டு வந்தேன். இனி அதைப்பற்றி எழுத எனக்கு என்ன அருகதை?

ஜன்னல் பக்கத்து சீற் அவளுக்கு. ஏறும்போது என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள், உண்மைதான். ஆனால் பார்த்துக்கொண்டே இருந்தாள். சக்கரம் உள்ளே போகிற சத்தத்தை எனக்கு விளங்கப்படுத்தினாள். பக்கத்தில் இருந்த ஒருவருக்கும் விளங்கப்படுத்தினாள்.

நடுக் கடலுக்கு மேலே எங்கோ, சாப்பாட்டுத் தட்டு முன்னால் இருக்கும்போது, விமானம் ஒரு விழுகை விழுந்தது. சும்மா இல்லை, தட்டில் இருந்த தேத்தண்ணி மடிக்கு வந்தது. பிறகு ஒரு ஆட்டம். பிறகும் ஆட்டம். சீற் பெல்ட் விளக்கு எரிந்தது. பின்னால் ஒரு குழந்தை வீரிட்டது. நான் இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடிவிட்டேன். எழுதுகிறவன் பொய் சொல்லக்கூடாது. முருகா, முருகா என்று வாய்விட்டே சொன்னேன்.

என் கைக்கு மேலே ஒரு கை வந்து படிந்தது.

“ஒண்டுமில்லை” என்றாள் மஞ்சு. “கண்ணைத் திறவுங்கோ. ரெயில்தான் போகுது.”

சந்தையில் அந்த வாசகர் இன்னும் என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.

“மிஸிஸும் வந்தவவோ?” என்றல்லவா கேட்டார்?

“ஓம்” என்றேன். “அவதான் என்னைக் கூட்டிக்கொண்டு போனவ.”